ஆய்வாளரை மேற்கோள் எண்ணிக்கையால் அறிமுகப்படுத்த வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகங்களிலும் பயோபொலிஸ் ஆய்வுக்கூடங்களிலும் பணியாற்றும் தமிழ் ஆய்வாளர்களைப் பற்றித் தங்கள் நாளிதழ் அடிக்கடி செய்தி வெளியிட்டு வருவது மனத்துக்கு நிறைவளிக்கிறது. மருத்துவம், கணினி ஆகிய இரண்டைத் தவிர வேறு வழியும் உண்டு என்பதை நம் வீட்டுப் பிள்ளைகள் அறிந்துகொள்ள அத்தகைய செய்திகள் உதவுகின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை ஒரே வார்ப்பில் அமைந்திருக்கின்றன. இவர் இத்தனை ஆய்வுக் கட்டுரைகள் எழுதியிருக்கிறார், அவை இத்தனை ஆயிரம் முறை மேற்கோள் காட்டப்பட்டிருக்கின்றன, கட்டுரைகளையும் மேற்கோள்களையும் சேர்த்துக் கணக்கிடும் இவருடைய எச்-இண்டெக்ஸ் இவ்வளவு, உலகின் தலைசிறந்த 2 விழுக்காட்டு விஞ்ஞானிகள் பட்டியலில் இவர் இடம்பெற்றிருக்கிறார் என்பதோடு செய்தி முடிந்துவிடுகிறது. அவர் எந்தக் கேள்விக்கு விடை தேடினார், எதைக் கண்டறிந்தார், அதனால் யாருக்கு என்ன தெளிந்தது என்பது கடைசி வரி வரை தெரிவதில்லை. மூலக்கூறு உயிரியல் ஆய்வுக்கூடங்களில் நெடுங்காலம் தொழில்நுட்ப அலுவலராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவள் என்ற முறையில், இந்த வழக்கம் ஆய்வாளருக்கோ வாசகருக்கோ நியாயம் செய்வதாக எனக்குத் தோன்றவில்லை. அதை மாற்றிக்கொள்ளுமாறு கேட்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

மேற்கோள் என்பது என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓர் ஆய்வாளர் கட்டுரை எழுதும்போது, தமக்கு முன் அந்தப் பொருளில் உழைத்தவர்களின் கட்டுரைகளை இறுதியில் பட்டியலிடுகிறார். அப்படி ஒரு பட்டியலில் இடம்பெறும் ஒவ்வொரு முறையும் பழைய கட்டுரையின் கணக்கில் ஒன்று கூடுகிறது. இந்தத் தொடர்புகளையெல்லாம் திரட்டி அட்டவணையாக்கலாம் என்ற யோசனையை அமெரிக்கரான யூஜீன் கார்ஃபீல்டு 1955ஆம் ஆண்டு 'சயின்ஸ்' ஆய்விதழில் முன்வைத்தார். அவருடைய நிறுவனம் அறிவியல் மேற்கோள் அட்டவணையை 1964ஆம் ஆண்டு வெளியிட்டது. ஒரு கட்டுரையைப் படிப்பவர், அதற்குப் பின் அதே பொருளில் வந்தவற்றையும் அதைக் குறைகூறியோ மறுத்தோ வந்தவற்றையும் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதுதான் அவருடைய முதல் யோசனையின் நோக்கம். அதாவது அது நூலகத்தில் தேடுவோருக்கான கருவியாகப் பிறந்தது. மனிதர்களை வரிசைப்படுத்தும் வழக்கம் பின்னால் வந்து சேர்ந்தது. ஒரு கட்டுரையைப் பாராட்டிக் குறிப்பிட்டாலும், அது தவறு என்று காட்டுவதற்காகக் குறிப்பிட்டாலும், முன்னுரையில் போகிற போக்கில் குறிப்பிட்டாலும் கணக்கில் கூடுவது ஒன்றுதான்.

மூலக்கூறு உயிரியலில் இந்தக் கணக்கு எப்படி விழுகிறது என்பதற்கு என் கைப்பழக்கத்திலிருந்தே சான்று காட்ட முடியும். 'நேச்சர்' ஆய்விதழ் 2014ஆம் ஆண்டு, அதுவரை உலகில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட 100 கட்டுரைகளைப் பட்டியலிட்டது. அதில் முதலிடம், ஆலிவர் லௌரியும் அவருடைய குழுவினரும் 1951ஆம் ஆண்டு எழுதிய கட்டுரைக்கு. ஒரு கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்கும் முறையை அது விளக்குகிறது. 300,000க்கும் அதிகமான மேற்கோள்கள் அதற்கு அப்போதே சேர்ந்திருந்தன. இரண்டாமிடம், புரதங்களை அவற்றின் பருமனுக்கேற்ப ஜெல்லில் பிரித்தெடுக்கும் முறையைப் பற்றி லேம்லி 1970ஆம் ஆண்டு எழுதியது. மூன்றாமிடம், பிராட்ஃபோர்டு 1976ஆம் ஆண்டு எழுதியது. அதுவும் புரதத்தை அளக்கும் முறைதான். பழுப்பு நிறச் சாயம் புரதத்தோடு சேர்ந்ததும் நீலமாக மாறுவதை நானும் என் சக ஊழியர்களும் அன்றாடம் பார்த்திருக்கிறோம். லேம்லியின் ஜெல் இல்லாமல் எங்கள் வாரம் நகர்ந்ததில்லை. இம்மூன்றும் மிகப் பயனுள்ள முறைகள். அவற்றை வகுத்தவர்களுக்கு ஆய்வுக்கூடத்தில் நிற்கும் ஒவ்வொருவரும் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் டிஎன்ஏவின் இரட்டைச் சுருள் வடிவத்தை வாட்சனும் கிரிக்கும் அறிவித்த 1953ஆம் ஆண்டுக் கட்டுரை அந்த நூறில் எங்கேயும் இல்லை என்பதையும் வாசகர் அறிய வேண்டும். உயிர் எப்படித் தன்னைப் படியெடுத்துக்கொள்கிறது என்பதற்கு வழிகாட்டிய கட்டுரை, புரதத்தை அளக்கும் முறையைச் சொல்லும் கட்டுரைக்குப் பின்னால் வெகு தொலைவில் நிற்கிறது. எந்தக் கட்டுரையை எத்தனை பேர் அன்றாடக் கருவியாகக் கையாண்டார்கள் என்பதை மேற்கோள் எண்ணிக்கை ஓரளவு சரியாகச் சொல்லும். எந்தக் கட்டுரை நம் புரிதலை மாற்றியது என்பதைச் சொல்ல அதனால் ஆகாது.

நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு ஒன்றும் இருக்கிறது. தமிழ் மாணவர்கள் அனைவரும் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறைத் தலைவராக இருந்த ஜி. என். இராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து, தோலிலும் எலும்பிலும் இருக்கும் கொலாஜன் புரதம் மூன்று இழைகள் முறுக்கிக்கொண்ட வடிவம் உடையது என்று 1954ஆம் ஆண்டு 'நேச்சர்' ஆய்விதழில் எழுதினார். அந்த வடிவத்தின் நுணுக்கங்களைப் பற்றி எழுந்த விவாதம் அவரை அடுத்த கேள்விக்கு இட்டுச் சென்றது. புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த நீண்ட சங்கிலி. ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு இணைப்புகள் மட்டுமே தாராளமாகச் சுழலக்கூடியவை. எல்லாக் கோணங்களிலும் அவை சுழன்றுவிட முடியாது. சில கோணங்களில் அணுக்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். அப்படியானால் முட்டிக்கொள்ளாத கோணங்கள் எவை? இந்தக் கேள்விக்கு அவரும் சி. இராமகிருஷ்ணனும் வி. சசிசேகரனும் கணக்கிட்டுக் கண்ட விடையை 1963ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். இரண்டு கோணங்களை இரு அச்சுகளாகக் கொண்ட ஒரு சதுரத்தில், புரதம் இருக்கக்கூடிய இடங்கள் சில தீவுகளாக மட்டுமே அமைகின்றன என்று அவர்கள் காட்டினார்கள். உலகம் அதை இன்று இராமச்சந்திரன் வரைபடம் என்று அழைக்கிறது.

புரத வடிவங்களைச் சேமித்து வைக்கும் உலகத் தரவு வங்கி 1971ஆம் ஆண்டு ஏழு வடிவங்களோடு தொடங்கியது. இன்று அதில் 200,000க்கும் மேற்பட்ட வடிவங்கள் உள்ளன. புதிய வடிவம் ஒன்று வந்து சேரும்போது, அதன் ஒவ்வொரு கண்ணியும் இராமச்சந்திரன் வரைபடத்தில் அனுமதிக்கப்பட்ட இடத்தில் விழுகிறதா என்று சரிபார்க்கிறார்கள். பெரிதும் விலகியிருந்தால் ஆய்வாளர் அதற்கு விளக்கம் தேடியாக வேண்டும். மருந்து வடிவமைப்பவர், கிருமியின் மேற்புரதத்தை ஆராய்பவர், கணினி வழியே புரத வடிவத்தைக் கணிப்பவர் ஆகிய எல்லாருமே சென்னையில் பிறந்த அந்தச் சதுரத்தின்மேல் தங்கள் முடிவுகளை வைத்துப் பார்க்கிறார்கள். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் 1963ஆம் ஆண்டுக் கட்டுரையைத் தங்கள் பட்டியலில் சேர்ப்பதில்லை. அது பாடப்புத்தகமாகிவிட்டது, மென்பொருளுக்குள் புகுந்துவிட்டது. ஒரு கண்டுபிடிப்பு எல்லாருக்கும் பொதுவான அறிவாக மாறும்போது அதன் மூலக் கட்டுரையைச் சுட்டும் வழக்கம் மறைந்துவிடுகிறது என்று சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் விளக்கியிருக்கிறார். ஓர் ஆய்வு முழுமையாக வெற்றிபெறும்போது அதன் மேற்கோள் கணக்கு வளராமல் நின்றுவிடக்கூடும் என்பது இதன் பொருள். இராமச்சந்திரனைப் பற்றி இன்று ஒருவர் செய்தி எழுதி, அதில் மேற்கோள் எண்ணிக்கையை மட்டும் குறிப்பிட்டால், அவர் செய்ததில் மிகச் சிறிய பகுதியைத்தான் வாசகர் முன் வைத்தவராவார்.

மேற்கோள் கணக்கில் தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கலும் உண்டு. அதை நம் நாளிதழ் கவனிக்காவிட்டால் வேறு எந்த நாளிதழ் கவனிக்கும்? மேற்கோள் அட்டவணைகள் ஆசிரியரின் குடும்பப் பெயரையும் முன்னெழுத்தையும் கொண்டு கணக்கு வைக்கும் பழக்கத்தில் வளர்ந்தவை. நமக்கோ குடும்பப் பெயர் கிடையாது. தந்தையின் பெயர்தான் உண்டு. சிதம்பரத்தில் பிறந்து, உயிரணுவுக்குள் புரதங்களை உருவாக்கும் ரைபோசோமின் வடிவத்தைக் கண்டறிந்ததற்காக 2009ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபெல் பரிசைத் தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் ஆகியோருடன் பகிர்ந்துகொண்டவரின் இயற்பெயர் வெங்கட்ராமன். அட்டவணைகளில் அவர் தந்தையின் பெயரால் இராமகிருஷ்ணன் என்று நிற்கிறார். தந்தை சி. வி. இராமகிருஷ்ணனும் பரோடாவில் உயிர்வேதியியல் பேராசிரியராக இருந்தவர். மேலே சொன்ன வரைபடக் கட்டுரையின் இரண்டாம் ஆசிரியரோ சி. இராமகிருஷ்ணன். மூவரும் வெவ்வேறு மனிதர்கள். மூவரும் உயிர் மூலக்கூறுகளைப் பற்றியே எழுதியவர்கள். புகழ்பெற்றவர்கள் என்பதால் இவர்களைப் பிரித்தறிவது கடினமில்லை. குமார், இரவி, செல்வம், லட்சுமி என்ற பெயர்களோடு ஒரே ஒரு முன்னெழுத்தை வைத்திருக்கும் இளம் ஆய்வாளர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஒருவரின் கட்டுரைகள் இன்னொருவர் கணக்கில் சேர்ந்துவிடுகின்றன. கடப்பிதழில் ஒரு விதமாகவும் பட்டச் சான்றிதழில் ஒரு விதமாகவும் பெயர் இருப்பவரின் கட்டுரைகள் இரண்டு மூன்று கணக்குகளாகச் சிதறிப்போகின்றன. திருமணத்துக்குப் பின் கணவர் பெயரைச் சேர்த்துக்கொண்ட பெண்களின் பழைய கட்டுரைகள் அவர்களோடு வருவதில்லை. 2012ஆம் ஆண்டு தொடங்கிய ஆர்கிட் என்னும் அடையாள எண் இந்தக் குழப்பத்தைக் குறைத்திருக்கிறது. ஆனாலும் அதற்கு முந்திய கட்டுரைகள் எல்லாம் தாமாக வந்து சேர்ந்துவிடுவதில்லை. கூகல் ஸ்காலர், ஸ்கோப்பஸ், வெப் ஆஃப் சயின்ஸ் என்று மேற்கோள்களைக் கணக்கிடும் மூன்று தரவுத்தளங்களில் தேடினால் ஒரே ஆய்வாளருக்கு மூன்று வெவ்வேறு எண்ணிக்கைகள் கிடைக்கும். எந்த எண்ணிக்கை எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று செய்திகள் சொல்வதில்லை.

இனி, காலத்தைப் பற்றி எழுத விரும்புகிறேன். எனக்கு மிகவும் கவலையளிப்பது அதுதான். சிங்கப்பூரில் மூலக்கூறு உயிரியல் வேரூன்றியதற்கு வழிகாட்டியவர்களில் உயிரியலாளர் சிட்னி பிரென்னர் முதன்மையானவர். 1985ஆம் ஆண்டு சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் மூலக்கூறு, உயிரணு உயிரியல் கழகம் நிறுவப்பட்ட காலத்திலிருந்தே அவருடைய ஆலோசனை இந்நாட்டுக்குக் கிடைத்தது. 2003ஆம் ஆண்டு அவருக்குக் கௌரவக் குடியுரிமை வழங்கப்பட்டது. 2019ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் சிங்கப்பூரிலேயே அவர் காலமானார். ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள புழுவைக் கொண்டு, ஓர் உயிரின் வளர்ச்சியையும் நரம்பு மண்டலத்தையும் முழுமையாகப் புரிந்துகொள்ளலாம் என்று அவர் 1963ஆம் ஆண்டு திட்டமிட்டார். அந்தப் புழுவின் மரபியலைப் பற்றிய அவருடைய முதல் பெரிய கட்டுரை 1974ஆம் ஆண்டுதான் வெளிவந்தது. அதே வேலைக்காக 2002ஆம் ஆண்டு நோபெல் பரிசு வந்தது. இரண்டு முறை நோபெல் பரிசு பெற்ற ஃபிரெட்ரிக் சாங்கர் 2013ஆம் ஆண்டு மறைந்தபின், பிரென்னர் அவரைப் பற்றி 'சயின்ஸ்' இதழில் எழுதினார். இன்சுலினைப் பற்றிய வேலைக்கும் ஆர்என்ஏ வரிசையைப் படிக்கும் வேலைக்கும் இடையே சாங்கர் முக்கியமாக எதையும் வெளியிடாத நீண்ட ஆண்டுகள் இருந்தன என்றும், இன்றைய மதிப்பீட்டுக் குழு ஒன்று அந்த இடைவெளியைச் சுட்டிக்காட்டி அவரைத் தொடர விட்டிருக்காது என்றும் அவர் வருத்தத்தோடு குறிப்பிட்டார். நம் நாட்டின் அறிவியலுக்கு அடித்தளம் இட உதவியவரே சொன்ன எச்சரிக்கை இது.

வேலை ஏன் இவ்வளவு காலம் பிடிக்கிறது என்று ஆய்வுக்கூடத்துக்கு வெளியே உள்ளவர்களுக்குப் புரிவது கடினம். என் தமக்கையின் மகள் வரிக்குதிரை மீன் என்னும் சிறு மீனைக் கொண்டு இதய வளர்ச்சியை ஆராய்கிறாள். ஒரு மரபணுவை நீக்கினால் இதயம் எப்படி மாறுகிறது என்று பார்க்க வேண்டுமானால், முதலில் முட்டைக்குள் மரபணுவை வெட்டும் கருவியைச் செலுத்த வேண்டும். அதிலிருந்து வளரும் மீனின் உடலில் சில உயிரணுக்களில் மட்டுமே மாற்றம் இருக்கும். அது வளர்ந்து இனப்பெருக்கத்துக்குத் தயாராக ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆகும். அதைச் சாதாரண மீனோடு இணைத்துப் பிறக்கும் குஞ்சுகளில் மாற்றத்தைச் சுமப்பவை எவை என்று ஒவ்வொன்றாகச் சோதித்துப் பிரித்து, அவையும் வளரும் வரை மேலும் மூன்று மாதங்கள் காத்திருந்து, அவற்றைத் தம்முள் இணைத்த பிறகே அந்த மரபணுவின் இரு பிரதிகளிலும் மாற்றம் உள்ள குஞ்சுகள் கிடைக்கும். ஆய்வு அங்கேதான் தொடங்குகிறது. அந்த மரபணு இல்லாவிட்டாலும் இன்னொரு மரபணு ஈடுசெய்துவிட்டால் இதயத்தில் எந்த மாற்றமும் தெரியாது. அப்போது இரண்டாவது மரபணுவையும் நீக்க மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இப்படி உழைக்கும் ஒருத்திக்கு முனைவர் பட்டக் காலம் முழுவதற்கும் இரண்டு கட்டுரைகள் கிடைத்தால் அது நல்ல அறுவடை. அவளுடைய பெற்றோரோ நாளிதழில் படித்த நூற்றுக்கணக்கான கட்டுரைகள், பல்லாயிரம் மேற்கோள்கள் என்ற எண்களோடு அவளுடைய இரண்டை ஒப்பிட்டு, மகள் பின்தங்கிவிட்டாளோ என்று கலங்குகிறார்கள். நாளிதழ்ச் செய்தியின் வார்ப்பு குடும்பத்துக்குள் வந்து ஒரு பிள்ளையின் உழைப்பை எடைபோடுகிறது என்பதை நான் கண்ணால் பார்க்கிறேன்.

உயிர்வேதியியலாளர் கட்டலின் கரிக்கோவின் கதை இப்போது பரவலாகத் தெரிந்ததுதான். ஆய்வு நிதி கிடைக்காத காரணத்தால் பணியில் கீழிறக்கப்பட்ட அவர், டுரூ வைஸ்மனோடு சேர்ந்து, புரதம் உருவாக்கும் கட்டளையை உயிரணுவுக்குள் சுமந்து செல்லும் எம்ஆர்என்ஏவின் எழுத்துகளில் ஒன்றைச் சற்று மாற்றினால் உடலின் எதிர்ப்பாற்றல் அதை அந்நியப் பொருளாகக் கருதிக் கொந்தளிப்பதில்லை என்று 2005ஆம் ஆண்டு வெளியிட்டார். அப்போது அதைப் பெரிதாகக் கவனித்தவர்கள் சிலரே. 2020ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் தேதி சிங்கப்பூரில் கொவிட்-19 தடுப்பூசி போடும் பணி தொடங்கியபோது, தேசியத் தொற்றுநோய் நிலையத்தின் ஊழியர்கள் கையில் ஏறிய மருந்து அந்தக் கண்டுபிடிப்பின்மேல் எழுந்தது. நோபெல் பரிசு 2023ஆம் ஆண்டு வந்தது. 2010ஆம் ஆண்டு யாராவது ஒருவர் அவரைப் பற்றி மேற்கோள் எண்ணிக்கையை வைத்துச் செய்தி எழுதத் தீர்மானித்திருந்தால், செய்தியாகும் தகுதி அவருக்கு இல்லை என்று விட்டிருப்பார்கள்.

எச்-இண்டெக்ஸ் பற்றியும் ஒரு விளக்கம் தேவை. இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005ஆம் ஆண்டு முன்மொழிந்த அளவு இது. ஒருவருடைய கட்டுரைகளில் 40 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 40 முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருடைய எச்-இண்டெக்ஸ் 40. இது வயதோடு ஏறும், ஒருபோதும் இறங்காது. மூலக்கூறு உயிரியலில் ஆய்வு மேசையில் நின்று வேலை செய்தவர் பெயர் வழக்கமாக முதலிலும், ஆய்வுக்கூடத் தலைவரின் பெயர் கடைசியிலும் வரும். இடையில் வருபவர் ஒரு மாதிரியைத் தந்திருக்கலாம், ஒரு படம் எடுத்துக் கொடுத்திருக்கலாம். எச்-இண்டெக்ஸுக்கு இவர்கள் எல்லாரும் ஒன்றே. ஓர் ஆய்விதழின் அண்மைக் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்று சொல்லும் இம்பேக்ட் ஃபேக்டரும் அப்படித்தான். படிகவியல் ஆய்விதழ் ஒன்றில் ஜார்ஜ் ஷெல்ட்ரிக் 2008ஆம் ஆண்டு தம் மென்பொருளைப் பற்றி எழுதிய ஒரே ஒரு கட்டுரையின் காரணமாக, இரண்டை ஒட்டியிருந்த அந்த ஆய்விதழின் இம்பேக்ட் ஃபேக்டர் 2009ஆம் ஆண்டுக் கணக்கில் ஏறத்தாழ ஐம்பதுக்குத் தாவியது. அதே இதழில் அக்காலத்தில் எழுதிய மற்றவர்களின் கட்டுரைகள் எதுவும் ஒரே இரவில் இருபத்தைந்து மடங்கு சிறந்துவிடவில்லை.

தலைசிறந்த 2 விழுக்காட்டு விஞ்ஞானிகள் பட்டியலைப் பற்றிச் செய்தி வெளியிடும்போது கூடுதல் கவனம் வேண்டும். பல செய்திகள் அதை ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகம் வழங்கிய அங்கீகாரம் போல் எழுதுகின்றன. அப்பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் அயோனிடிஸும் அவருடைய குழுவினரும் ஸ்கோப்பஸ் தரவுகளிலிருந்து கணக்கிட்டு வெளியிடும் பட்டியல் அது. யாரும் விண்ணப்பித்துப் பெறும் விருதல்ல, நடுவர் குழு கூடித் தேர்ந்தெடுப்பதும் அல்ல. வாழ்நாள் முழுவதற்கும் ஒரு பட்டியல், ஓர் ஆண்டுக்கு மட்டும் இன்னொரு பட்டியல் என இரண்டு உள்ளன. எதில் இடம்பெற்றார் என்று செய்திகள் சொல்வதில்லை. அக்குழுவினர் தம்மைத் தாமே மேற்கோள் காட்டிக்கொண்டதைக் கழித்த கணக்கையும் தருகிறார்கள், ஆசிரியர் வரிசையில் ஒருவர் எங்கே நிற்கிறார் என்பதையும் கருத்தில் கொள்கிறார்கள். தொகுத்தவர்கள் காட்டிய அந்த எச்சரிக்கையெல்லாம் செய்தியாகும்போது உதிர்ந்துபோகிறது.

எண்ணிக்கைக்குக் கிடைக்கும் மதிப்பு எண்ணிக்கையையே கெடுத்துவிடுகிறது என்பதும் மறைக்க முடியாத உண்மை. 2023ஆம் ஆண்டு மட்டும் உலகெங்கும் 10,000க்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. காசுக்குக் கட்டுரை எழுதித் தரும் கூடங்களிலிருந்து வந்தவை அவற்றில் ஏராளம். அதே ஆண்டு, வெப் ஆஃப் சயின்ஸை நடத்தும் கிளாரிவேட் நிறுவனம் தன் அதிக மேற்கோள் பெற்ற ஆய்வாளர் பட்டியலைத் தயாரித்தபோது, சந்தேகத்துக்குரிய வகையில் மேற்கோள் சேர்த்தவர்கள் என்று கருதி ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்களை விலக்கியது. எண்ணிக்கையை மேலும் போற்றும் செய்திகள், நேர்மையாக உழைப்பவர்களுக்கு எதிரான பக்கத்தில் எடையைக் கூட்டுகின்றன.

மேற்கோள்களுக்குப் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஒருவருடைய கட்டுரையை வேறு நாட்டில், வேறு துறையில் இருப்பவர்கள் தொடர்ந்து பயன்படுத்துகிறார்கள் என்பதை அவற்றைக் கொண்டே அறிகிறோம். தெரிந்தவர்களின் பரிந்துரை மட்டுமே எடுபடும் இடத்தில், பின்புலம் இல்லாத ஓர் ஆய்வாளர் தம் உழைப்பைக் காட்ட மேற்கோள்கள் துணைநிற்பதும் உண்டு. அந்த நியாயத்தை மறுக்க மாட்டேன். ஆனால் படித்துப் பார்த்து மதிப்பிடுவதற்குத் துணையாக இருக்க வேண்டிய எண், படிக்காமலிருப்பதற்குச் சாக்காகிவிடக் கூடாது. உயிரணு உயிரியலாளர்கள் 2012ஆம் ஆண்டு சான் ஃபிரான்சிஸ்கோவில் கூடி உருவாக்கிய பிரகடனம், ஆய்விதழின் இம்பேக்ட் ஃபேக்டரைக் கொண்டு தனி ஆய்வாளரை மதிப்பிடக் கூடாது என்று வலியுறுத்துகிறது. 2015ஆம் ஆண்டின் லெய்டன் அறிக்கையும் நிபுணர்களின் மதிப்பீட்டுக்கு எண்கள் துணையாகவே இருக்க வேண்டும் என்கிறது. அதற்கும் முன்பே, 2010ஆம் ஆண்டு இங்கே நடந்த ஆய்வு நேர்மை உலக மாநாட்டிலிருந்து சிங்கப்பூர் அறிக்கை பிறந்தது. ஆய்வில் பங்களித்தவர் யார் யார் என்பதை உண்மையாகக் குறிப்பிட வேண்டும் என்று அது ஆய்வாளர்களிடம் கேட்கிறது. நம் ஊரின் பெயரைத் தாங்கிய அந்த அறிக்கையைப் பற்றி நம் தமிழ்ப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

சிங்கப்பூரில் ஆய்வுக்குச் செலவாகும் பணம் பொதுமக்களுடையது. 2020ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் அறிவிக்கப்பட்ட ஐந்தாண்டு ஆய்வுத் திட்டத்துக்கு 25 பில்லியன் வெள்ளி ஒதுக்கப்பட்டது. அந்தப் பணத்தால் என்ன அறிந்தோம் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. மேற்கோள் எண்ணிக்கை அந்தக் கேள்விக்கு விடையாகாது. ஓல்பாக்கியா நுண்ணுயிரியைச் சுமக்கும் ஆண் கொசுக்களை 2016ஆம் ஆண்டு முதல் தெம்பனிஸ் வெஸ்ட் போன்ற வட்டாரங்களில் விடுவித்து, அவற்றோடு இணையும் பெண் கொசுக்களின் முட்டைகள் பொரியாமல் செய்யும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். வெப்பமண்டல நகரங்களின் டெங்கிக் காய்ச்சலைப் பற்றி எழுதுவோரின் தொகை, புற்றுநோயைப் பற்றி எழுதுவோரின் தொகையில் சிறு பங்குதான். அதனால் கொசு ஆய்வாளரின் மேற்கோள் கணக்கு புற்றுநோய் ஆய்வாளருடையதை எட்டவே எட்டாது. ஆனால் நம் அடுக்குமாடி வீடுகளின் தாழ்வாரங்களில் யாருடைய வேலை பயன் தந்தது என்று கேட்டால் விடை வேறாக இருக்கும்.

எனவே, தங்களிடம் நான் வேண்டுவது இதுதான். அடுத்த முறை ஒரு தமிழ் ஆய்வாளரைப் பற்றிச் செய்தி எழுத நிருபரை அனுப்பும்போது, அவருடைய கட்டுரைகளில் எது மிகச் சிறந்தது என்று அவரே கருதுகிறார் என்று கேட்கச் சொல்லுங்கள். அது பெரும்பாலும் அதிக மேற்கோள் பெற்ற கட்டுரையாக இருக்காது. அந்தக் கட்டுரைக்கு முன் உலகத்துக்குத் தெரியாமலிருந்தது எது, பின் தெரிந்தது எது என்று ஒரு தொடக்கக் கல்லூரி மாணவருக்குப் புரியும்படி விளக்கச் சொல்லுங்கள். அந்த வேலையை மேசையில் நின்று செய்த மாணவர்கள், அலுவலர்களின் பெயர்களைக் கேட்டு அவற்றையும் அச்சிடுங்கள். அதே துறையில், அவரோடு சேர்ந்து எழுதாத இன்னொருவரிடம் அந்த ஆய்வைப் பற்றி இரண்டு வரி கருத்துக் கேளுங்கள். எண்ணிக்கையைக் கட்டாயம் தரத்தான் வேண்டும் என்றால், எந்தத் தரவுத்தளத்திலிருந்து, எந்தத் தேதியில் எடுக்கப்பட்டது என்று சேர்த்துக் கொடுங்கள். பெயரை எப்படி அச்சிட வேண்டும் என்பதையும் ஆய்வாளரிடமே கேட்டுவிடுங்கள்.

இளையர் பக்கத்தில் மாதம் ஒரு முறையாவது இந்த முறையில் ஒரே ஓர் ஆய்வுக் கட்டுரையை விளக்கி எழுத இடம் ஒதுக்க முடியுமானால், இராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும் எழுதிய 1963ஆம் ஆண்டுக் கட்டுரையிலிருந்து தொடங்கலாம். அதற்கான வரைபடங்களை எளிய தமிழில் விளக்கிக் கொடுக்க என்னால் இயன்ற உதவியைச் செய்ய ஆயத்தமாக இருக்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற ஆய்வுக்கூட அலுவலர்,
குவீன்ஸ்டவுன், சிங்கப்பூர்